கிராஃபைட் எலெக்ட்ரோட்: ரஃபிங் முதல் ஃபினிஷிங் வரை

ஜொகூர், ஸ்கூடாய், செனாய் வட்டாரத்தில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலைகள் பல உள்ளன. அங்கு மோல்டு பிரிவில் சேரும் நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய பொருள் கிராஃபைட். பென்சில் முனையில் இருக்கும் அதே கரிப்பொருள்தான்.

எஃகு மோல்டில் கட்டர் நுழைய முடியாத குறுகிய பள்ளங்களை மின்பொறியால் அரித்தெடுப்பார்கள். இ.டி.எம். எனப்படும் இம்முறையை 1943இல் சோவியத் யூனியனில் லசரென்கோ தம்பதியர் உருவாக்கினர். பள்ளத்தின் வடிவில் செதுக்கப்பட்டு எஃகுக்குள் இறங்குவதே எலெக்ட்ரோட். அதைச் செம்பிலும் செய்யலாம். ஆனால் செம்பு சுமார் 1,085 பாகை செல்சியஸில் உருகிவிடும். கிராஃபைட் 3,000 பாகையையும் தாங்கும். எடையோ செம்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

கிராஃபைட் இரும்பைப் போல் சுருள் சுருளாகச் சீவப்படாது, பொடியாக நொறுங்கும். கட்டர் வெளியேறும் இடத்தில் விளிம்பு பெயரக்கூடும்.

ரஃபிங்: வெளி விளிம்பில் தொடங்கி உள்நோக்கி வெட்டுவது நல்லது. எல்லாப் பக்கமும் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை ஒரே சீராக மிச்சம் விடுவது வழக்கம். ஒரு மூலையில் மட்டும் மிச்சம் தடித்திருந்தால், அடுத்து வரும் ஃபினிஷிங் கட்டர் அங்கே அழுந்தி விளிம்பை உடைத்துவிடும்.

ஃபினிஷிங்: நுனி உருண்ட சிறு கட்டர், அதிகச் சுழற்சி, குறைந்த ஆழம். மெல்லிய தகடு போன்ற பகுதியில் ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. மேலிருந்து படிப்படியாக, இரு பக்கமும் மாறி மாறி இறங்க வேண்டும். அப்போது அடியில் உள்ள தடித்த பகுதி தாங்கிக்கொள்ளும். கிராஃபைட் கட்டரை வேகமாகத் தேய்க்கும் என்பதால் வைரப் பூச்சுள்ள கட்டரே நீடித்து உழைக்கும். ரஃபிங்கில் தேய்ந்த கட்டரை இங்கே போடக்கூடாது. மின்பொறி பாய இடைவெளி வேண்டும் என்பதால், எலெக்ட்ரோட்டின் இறுதி அளவு பள்ளத்தைவிடச் சற்றே சிறியதாக இருக்கும்.

எலெக்ட்ரோட்டில் விளிம்பு பெயர்ந்தால் அந்தக் குறை மோல்டில் பதியும். பிறகு அதில் வார்க்கும் ஒவ்வொரு பாகத்திலும் தெரியும்.

தூசு: கிராஃபைட் தூசு மின்சாரத்தைக் கடத்தும், இயந்திரத்தின் மின்பெட்டிக்குள் புகுந்தால் ஷார்ட் சர்க்கியூட் ஆகலாம். பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். எனவே மூடிய இயந்திரமும் தூசு உறிஞ்சியும் அவசியம். காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யக்கூடாது. தூசு மீண்டும் பறந்து நம் மூச்சில்தான் ஏறும்.

பாதுகாப்பான வேலையிடம் தருவது முதலாளியின் கடமை என்கிறது நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு தூசு உறிஞ்சி உண்டா என்றும் கேளுங்கள். ஆபத்தான நிலை தொடர்ந்தால் ஜே.கே.கே.பி. எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் புகார் செய்யலாம்.