ஹெல்மெட்டின் கதை: ஆஸ்பத்திரி கட்டிலில் இருந்து போலீஸ் செக்கிங் வரை

ஹெல்மெட் பத்தி ஒரு நீளமான இழை. டீ ஒன்னு போட்டு வச்சுக்கிட்டுப் பொறுமையா படிங்க.

"சேரிங் கிராஸ் வரைக்கும்தானே டாக்டர் போறேன், அதுக்கு எதுக்கு ஹெல்மெட்?" எங்க பெர்ன்ஹில் பக்கம் இந்தக் கேள்வி காதில் விழாத வாரம் கிடையாது. அடுத்தது, "எதை வாங்கினா போலீஸ் பிடிக்க மாட்டாங்க?" காலேஜ் பசங்க கேட்பது இன்னொன்னு: "எது டாக்டர் கெத்தா இருக்கும்?"

கிண்டல் பண்ணலை. மூணும் நியாயமான கேள்விதான். நூறு வருஷத்துக்கு மேலாக உலகம் பூரா இதே மூணைத்தான் கேட்டிருக்காங்க. ஆனா மூணுக்குள்ளயும் ஒரு எண்ணம் ஒளிஞ்சிருக்கு: ஹெல்மெட் என்பது அரசாங்கமும் கோர்ட்டும் சேர்ந்து நம்ம தலையில கட்டின சமாச்சாரம் என்று. வரலாற்றைப் பார்த்தா சட்டம் இந்தக் கதைக்குள் ரொம்ப லேட்டா வந்த ஆள். முதலில் வந்தவங்க டாக்டர்கள்.

வருஷம் 1914. இங்கிலாந்தில் புரூக்லேண்ட்ஸ் என்று ஒரு ரேஸ் டிராக். அங்கே மருத்துவ அதிகாரி டாக்டர் எரிக் கார்ட்னர். ரெண்டு வாரத்துக்கு ஒருத்தராவது பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டு அவர்கிட்ட வந்துக்கிட்டே இருந்தாங்க. தையல் போட்டு அனுப்பிட்டு அடுத்த ஆளுக்குக் காத்திருக்காம, லண்டன் பெத்னல் கிரீனில் மாஸ் என்பவரைப் பிடிச்சு ஒரு தொப்பி செய்ய வச்சார். கான்வாஸ் துணி, அதன்மேல் அரக்கு. அவ்வளவுதான். (அந்தக் காலத்தில் உலகத்துக்கே அரக்கு பெரும்பாலும் இந்தியாவில் இருந்துதான் போச்சு. அதனால முதல் ஹெல்மெட்டில் நம்ம ஊர்ப் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கும்னு வச்சுக்கலாம்.)

ரேஸ் நடத்துற சங்கம் முதலில் "இதெல்லாம் வேண்டாம்" என்று ஒதுக்கிடுச்சு. பிறகு மனசு மாறி, அந்த வருஷ ஐல் ஆஃப் மேன் டி.டி. ரேஸுக்குக் கட்டாயமாக்கினாங்க. ஓட்டுறவங்க முணுமுணுத்தாங்க. கார்ட்னர் 94 தொப்பிகளைத் தூக்கிக்கிட்டு அந்தத் தீவுக்கே போனார். ஒருத்தர் கேட்டில் மோதியும் தொப்பியால பிழைச்சார். ரேஸ் முடிஞ்ச பிறகு அந்தத் தீவின் மருத்துவ அதிகாரியிடம் இருந்து கார்ட்னருக்கு ஒரு கடிதம். வழக்கமா இந்த ரேஸ் முடிஞ்சா மூளை அதிர்ச்சி கேஸ் சில சுவாரஸ்யமா வரும், இந்த வருஷம் ஒன்னுகூட வரலை என்று. டாக்டர்கள் எழுதின புகார்க் கடிதங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

ஆனா அது ரேஸ் டிராக்கோடு நின்னுடுச்சு. ரோட்டில் போற சாதாரண ஆளுக்கு அது வந்து சேர ஒரு பிரபலம் சாக வேண்டியிருந்தது.

லாரன்ஸ் ஆஃப் அரேபியா படம் பார்த்திருக்கீங்களா? 1962-ல் வந்தது. படம் ஆரம்பிக்கிறதே ஒரு பைக் விபத்தில்தான். அது நிஜம். டி.ஈ. லாரன்ஸ், முதல் உலகப் போரில் அரேபியாவில் பேர் வாங்கினவர். இங்கே ஒரு உள்ளூர்க் குறிப்பு: நம்ம பக்கத்து ஸ்டேஷன் லவ்டேலில் இருக்கிற லாரன்ஸ் ஸ்கூலுக்கும் இவருக்கும் சம்பந்தம் கிடையாது. அது 1857-ல் லக்னோ முற்றுகையில் இறந்த ஹென்றி லாரன்ஸ் பேரில் அடுத்த வருஷம் தொடங்கினது. நம்ம ஆள் வேற. ஆனா இவரும் இந்தியாவில் இருந்தவர்தான். 1927-ல் ஒரு சாதாரண விமானப்படை வீரராக, ஷா என்ற பெயரில், கராச்சியில் இருந்தார்.

பைக் பைத்தியம். வச்சிருந்தது ப்ரஃப் சுப்பீரியர், அந்தக் காலத்து ராஜா வண்டி. 1935 மே 13, டார்செட்டில் தன் வீட்டுக்குப் பக்கத்து ரோடு. சைக்கிளில் வந்த ரெண்டு பசங்க மேல இடிக்காம இருக்க வண்டியை ஒடிச்சார். தூக்கி வீசப்பட்டார். தலையில் எதுவும் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து மே 19 அன்று இறந்தார். வயசு 46. வீட்டுக்குப் பக்கத்து ரோடு என்பதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

அவரைப் பார்க்க வந்த டாக்டர்களில் ஒருத்தர் ஹியூ கெய்ன்ஸ். ஆஸ்திரேலியாக்காரர், அமெரிக்காவில் ஹார்வி குஷிங்கிடம் மூளை அறுவை சிகிச்சை கற்றவர். காப்பாற்ற முடியலை. ஆனா அவர் அதோடு விடலை. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார், போர் வந்தது, தகவல் கொண்டுபோற பைக் வீரர்கள் இருட்டடிப்பு ரோட்டில் தினம் தினம் விழ ஆரம்பிச்சாங்க. 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கெய்ன்ஸ் எழுதின கட்டுரை வந்தது. போரின் முதல் 21 மாதத்தில் பிரிட்டன் ரோடுகளில் இறந்த பைக் ஓட்டிகளும் பின்னால உட்கார்ந்தவங்களும் 2,279 பேர் என்று கணக்கு வச்சார். ஹெல்மெட் போட்டு விபத்தில் சிக்கினவங்களாக அவர் பார்த்தது ஏழே பேர். ஏழு பேரும் பிழைச்சவங்க.

ஏழு பேரை வச்சு ஒரு முடிவுக்கு வரலாமான்னு கேட்டா, இன்னைக்கு எந்த ஆராய்ச்சிக் குழுவும் ஒத்துக்காது. ஆனா அடுத்த மாசமே, 1941 நவம்பரில், பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிடுச்சு. ராணுவத்துக்குத் தேவைப்பட்டது உயிரோட திரும்பி வர்ற ஆள். அந்த ஏழு பேர் காட்டின திசை சரின்னு பின்னாடி வந்த ஆராய்ச்சிகள் சொல்லிடுச்சு. 61 ஆய்வுகளை ஒன்னா சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2008-ல் வந்தது. விபத்தில் சிக்கினவங்களுக்கு ஹெல்மெட் இறப்பு அபாயத்தை 42 சதவீதம் குறைக்குது, தலைக்காயத்தை 69 சதவீதம் குறைக்குது.

இப்ப கொஞ்சம் ஃபிசிக்ஸ். பயப்படாதீங்க, வகுத்தல் கணக்குதான்.

உங்க தலை 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கு. வண்டி ஓடவே இல்லை, நின்ன இடத்தில் சாஞ்சு விழறீங்க. தலை தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வெறும் தலைன்னா, தோல் நசுங்குற ரெண்டு மில்லிமீட்டருக்குள் தலை நிக்கணும். 1,600-ஐ 2-ஆல் வகுங்க: புவியீர்ப்பைப்போல 800 மடங்கு. நடுவில் 20 மில்லிமீட்டர் நசுங்குற பொருள் ஒன்னு இருந்தா, 80 மடங்கு. இதைத்தான் ஹெல்மெட் செய்யுது. இதைச் செய்யுறது வெளியில பளபளக்கிற ஓடு இல்லீங்க, உள்ளே இருக்கிற தெர்மாகோல். டி.வி. பெட்டிக்குள்ள வருமே, அதே ஜாதி, இன்னும் அடர்த்தியா. தான் நசுங்கி அடியை வாங்கிக்கும். அமெரிக்காவில் பேராசிரியர் லொம்பார்டு 1953-ல் அடியை உறிஞ்சுற இந்த மாதிரி அடுக்குத் தொப்பியை உருவாக்கினார். இன்னைக்கு நீங்க வாங்குறது அதோட பேரப்பிள்ளை.

இன்னொரு விஷயம். கெய்ன்ஸோடு வேலை செய்த ஹோல்பர்ன் என்ற இயற்பியல்காரர் ஜெலட்டினில் மூளை மாதிரி செய்து ஆட்டிப் பார்த்தார். நேரா இடிக்கிறதைவிட, தலை சடக்குன்னு சுழலுறதுதான் மூளைக்குள்ள நரம்பிழைகளை இழுத்துக் கிழிக்குதுன்னு 1943-ல் சொன்னார். மண்டை ஓடு முழுசா இருக்கு, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஆனா ஆள் கண் திறக்கலை. சொந்தக்காரங்க "வெளியில ஒன்னுமே இல்லையே டாக்டர்"ன்னு கேட்பாங்க. பதில் இதுதான்.

சரி, சட்டம் எப்ப வந்துச்சு? கெய்ன்ஸ் 1952-லேயே இறந்துட்டார். பிரிட்டன் பொதுமக்களுக்குக் கட்டாயமாக்கினது 1973 ஜூன் 1. கட்டுரை வந்து 32 வருஷம் கழிச்சு.

நம்ம நாட்டிலும் சண்டை போட்டுத்தான் வந்தது. ஆந்திராவின் ஹெல்மெட் விதி நடமாடும் சுதந்திரத்தைப் பறிக்குதுன்னு ஒருத்தர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1988-ல் கோர்ட் ஏத்துக்கலை. அதே வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 129-ஆவது பிரிவு வந்தது. தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு விலக்கு உண்டு. அந்தப் பிரிவுக்குக் கீழே ஒரு விளக்கம் இருக்கு, யாரும் படிக்கிறதில்லை: வாரால் தலையோடு உறுதியா மாட்டப்பட்டதுதான் ஹெல்மெட். அதாவது பக்கிள் போடாமல் தலையில் கவிழ்த்திருந்தா, சட்டப்படியே நீங்க ஹெல்மெட் போடலை!

தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1-ல் கட்டாயம்னு சொன்னாங்க, கொஞ்ச நாளில் நீர்த்துப்போச்சு. பிறகு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருபாகரன் உத்தரவால் 2015 ஜூலை 1-ல் மறுபடியும். ஓட்டுறவருக்கும் சரி, பின்னால உட்கார்றவருக்கும் சரி. ஞாபகம் இருக்கா அந்த ஜூன் மாசக் கடைசி? கடையில் கியூ, விலை ஏத்தம், ரோட்டோரத்தில் குவிச்சு வச்ச தொப்பிகள். அன்னைக்கு வாங்கினதில் நிறைய, அபராதத்துக்குப் பயந்து வாங்கினது. தட்டிப் பார்த்தா டங்குன்னு சத்தம் வரும், உள்ளே விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச். அந்த ஸ்பாஞ்ச் தலையணைக்கு ஆகும், தலைக்கு ஆகாது. 2021 ஜூன் 1-ல் இருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டைத் தயாரிக்கவும் விற்கவும் கூடாது. 2022 அக்டோபரில் நம்ம மாநிலத்தில் அபராதம் 1,000 ரூபாய் ஆச்சு.

வியட்நாம் கதை நம்ம கதையேதான். பழைய ஹெல்மெட்டைப் பார்த்து அங்கே "சோறாக்குற குக்கர்"னு கிண்டல் பண்ணினாங்க. நாம சட்டின்னு சொல்ற மாதிரி. 2007 டிசம்பர் 15-ல் சட்டம் வந்ததும் ஊரே போட ஆரம்பிச்சது. கூடவே அழகழகா, லேசா, உள்ளே ஒன்னுமே இல்லாத தொப்பிகளும் சந்தைக்கு வந்துடுச்சு. வெயில் நாட்டுக்குன்னு காற்றோட்டமான நல்ல ஹெல்மெட்டை ஒரு தொண்டு நிறுவனமே தயாரிச்சு விற்க வேண்டி வந்தது. நான் இதில் எடுத்துக்கிட்டது: வசதியும் அழகும் கேட்கிறவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வீட்டு ஆணியில் தொங்குற நல்ல ஹெல்மெட் யாரையும் காப்பாத்தாது.

இனி நம்ம மலைக்கு வருவோம். சென்னைக்காரர் வேர்க்குதுன்னு கழட்டுவார், நாம குளிருதுன்னு குல்லா போடுவோம். மங்கி கேப் மேல ஹெல்மெட், அல்லது மஃப்ளரைச் சுத்திட்டு அதன்மேல ஹெல்மெட். கம்பளிக் குல்லாவோடு கடையில் போய் அளவு பார்த்தா ஒரு சைஸ் பெரிசா வாங்குவீங்க. குல்லா இல்லாத நாளில் அது தலையில் ஆடும், முதல் இடியிலேயே பறந்திடும், ரெண்டாவது இடி வெறும் தலைக்கு. வெறும் தலையில அளவு பாருங்க. குளிருக்கு மெல்லிய துணி பாலகிளாவா போதும். கொண்டை போடுற அக்காமார்களே, உச்சிக் கொண்டைக்கு மேல ஹெல்மெட் உட்காராது. பின்னல், இல்லைன்னா கழுத்துக்குக் கீழே இறக்கிக் கட்டுங்க.

புதுசு போட்டதும் கன்னம் லேசா அமுங்கணும். வாரைக் கட்டிட்டு, பின்னால இருந்து முன்பக்கமா தள்ளிப் பாருங்க. கழண்டு வந்தா கடையிலேயே விட்டுட்டு வாங்க. தாடைக்கும் வாருக்கும் நடுவில் ரெண்டு விரல் மட்டும் போகணும்.

முகம் திறந்ததா, மூடினதா? நான் மூடினதுக்குத்தான் ஓட்டு போடுவேன். உடைஞ்ச தாடையோட வர்றவங்க மூச்சுக்குப் படுற பாட்டைப் பார்த்தவன். கண்ணாடியில் பனி படியுதே டாக்டர்னு கேட்பீங்க. உண்மைதான், மிஸ்ட் இறங்குற சாயங்காலம் ஒன்னுமே தெரியாது. பனி படியாத உள்தாள் மாட்டுற மாடல் இருக்கு, தாடைப் பக்கக் காற்றுத் துளையைத் திறந்து வைங்க, கண்ணாடியை ஒரு விரல்கடை தூக்கி வைங்க. கறுப்புக் கண்ணாடி மட்டும் வேண்டாம், எவ்வளவு கெத்தா இருந்தாலும். கெத்து வேணும்னா நிறத்தில் காட்டுங்க: வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு. எதிரே வர்ற பஸ் டிரைவர் கண்ணில் அது சுலபமா படும்.

பெட்ரோல் டேங்க் மேல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போற குட்டிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நாலு வயசுக்கு மேல உள்ள எல்லாருக்கும் 129-ஆவது பிரிவு பொருந்தும். அதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டோடு பாதுகாப்பு வாரும் வேணும், வேகம் 40-ஐத் தாண்டக்கூடாதுன்னு 2022-ல் தனி விதியே போட்டாங்க.

ஒரு தடவை பலமா விழுந்த ஹெல்மெட் வெளியில் கீறல் இல்லாம இருக்கலாம். உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருந்தா அது மறுபடி எழும்பாது, மாத்திடுங்க. மழை மாசத்தில் நனைஞ்சதுன்னா அடுப்புப் பக்கத்திலயோ ஹீட்டர் முன்னாலயோ காய வைக்காதீங்க, சூட்டில் தெர்மாகோல் சுருங்கிடும். உள்துணியைக் கழட்டித் துவைச்சு நிழல்ல போடுங்க. நம்ம ஊர்ல ரெண்டு நாள் ஆகும், அதுக்கு இன்னொரு செட் உள்துணி வாங்கி வச்சுக்கிறது நல்லது.