தலைக்கு ஏழு பவுண்டு உப்பு

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் மதகுருமார் முதல் வகுப்பினர். பிரபுக்கள் இரண்டாம் வகுப்பினர். வணிகர், வழக்கறிஞர் முதல் அன்றாடங்காய்ச்சி வரை மற்ற எல்லோரும் மூன்றாம் வகுப்பினர். முக்கியமான நேரடி வரியிலிருந்து முதல் இரு வகுப்பினருக்கும் பெரும்பாலும் விலக்கு இருந்தது. எனினும் மக்கள் எல்லாவற்றையும்விட வெறுத்தது 'காபெல்' எனப்பட்ட உப்பு வரியைத்தான்.

உப்பு விற்பனை அரசின் ஏகபோகம். பாரிஸைச் சூழ்ந்த வட, நடு மாகாணங்களில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சுமார் ஏழு பவுண்டு உப்பை அரசுக் கிடங்கிலிருந்து வாங்கியே தீர வேண்டும். தேவையில்லை என்று சொல்ல முடியாது. சமையலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் என்று வாங்கிய அந்த உப்பை எடுத்துப் பன்றி இறைச்சியைப் பதப்படுத்தினால் அதுவும் குற்றம். அதற்குத் தனியாக உப்பு வாங்க வேண்டும். சிக்கனமாக இருக்கும் உரிமைகூட ஏழைக்கு இல்லை.

1780-களில் அங்கே ஒரு பவுண்டு உப்பின் விலை, 'சூ' என்ற அன்றைய நாணயத்தில் ஏறக்குறைய 12. கிராமத்துக் கூலியாளின் ஒரு நாள் வருமானம் 20 சூவைத் தாண்டுவது அரிது. எட்டு வயதைக் கடந்த நான்கு பேர் உள்ள வீட்டில் பதினேழு நாள் கூலி உப்புக்கே போய்விடும். சீமானும் தலைக்கு அதே அளவுதான் வாங்க வேண்டும். அவருக்கு அது கணக்கிலேயே வராத செலவு. போதாததற்கு, உயர் நீதிபதிகள், அரசு அதிகாரிகள், சில மடங்கள் ஆகியோருக்கு உப்பு இலவசமாகவோ வரியில்லாமலோ கிடைத்தது. வசதி உள்ளவர்களுக்கே சலுகை என்பதுதான் அன்றைய முறை.

விலை நாடெங்கும் ஒன்றாக இல்லை. பிரித்தானி மாகாணத்துக்கு இந்த வரியே கிடையாது; எல்லைக்கு அப்பால் இருந்த மேன் பகுதியில் விலை இருபது மடங்குக்கும் மேல். ஆகவே கடத்தல் பெருகியது. பெண்கள் பாவாடைக்குள் மறைத்து எடுத்து வந்தனர். உப்பு மூட்டை கட்டிய நாய்கள் பழக்கிய வழியில் இரவில் எல்லை தாண்டின. பிடிபட்டவர்களில் பெரியவர்களைவிடச் சிறுவர்களே அதிகம் என்று நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கரே எழுதியிருக்கிறார். ஆயுதத்துடன் சிக்கிய ஆண்கள் பிரெஸ்ட், தூலோன் துறைமுகங்களில் சங்கிலி பூட்டப்பட்டுக் கடும் உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர்.

வரியை வசூலித்தது அரசு அல்ல, குத்தகைதாரர் குழு. 1780-இல் அவர்கள் 40 பேர். ஆறு ஆண்டுக் குத்தகைக்கு மன்னருக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, மேலே வசூலாவதில் இலாபம் பார்த்தனர். கடத்தலைத் தடுக்க ஆயிரக்கணக்கான காவலர்களையும் வைத்திருந்தனர். வீட்டுக்குள் புகுந்து சோதிக்க இக்காவலர்களுக்கு அதிகாரம் உண்டு. வேதியியல் அறிஞர் லவாய்சியர் 1768-இல் இந்தக் குழுவில் சேர்ந்தார். ஆய்வுக்கூடத்துக்கு அவர் செலவழித்த பணத்தில் குத்தகை வருமானமும் கலந்திருந்தது.

1789-இல் ஊர்கள்தோறும் எழுதப்பட்ட குறைமனுக்களில் உப்பு வரியை ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. 1790 மார்ச்சில், புரட்சியில் உருவான தேசிய சபை அதை ஒழித்தது. 1794 மே 8 அன்று லவாய்சியர் உட்படக் குத்தகைதாரர்கள் 28 பேர் கில்லட்டினில் கொல்லப்பட்டனர். 1806-இல் போர்ச் செலவுக்குப் பணம் தேடிய நெப்போலியன் உப்பின் மீது மீண்டும் வரி போட்டார். இம்முறை நாடு முழுவதற்கும் ஒரே விகிதம். அந்த வரி இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகே நீங்கியது.