தண்ணீரா, நேரமா? ஃப்ரன்ட் லோடும் டாப் லோடும்

வாஷிங் மெஷின் வாங்கக் கடைக்குப் போனால் விற்பனையாளர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "துணி நல்லா வெளுக்கணும்னா ஃப்ரன்ட் லோடு எடுங்க சார், பட்ஜெட் இடிச்சா டாப் லோடு பாக்கலாம்." கேட்கிறவர் மனதில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று பதிந்துவிடுகிறது. கையில் பணமிருப்பவர் ஃப்ரன்ட் லோடை வாங்குகிறார். இல்லாதவர் குறையோடு டாப் லோடை வாங்குகிறார். இருவருமே தங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதில்லை.

இரண்டும் ஒரே வேலையை வெவ்வேறு செலவில் செய்பவை. ஃப்ரன்ட் லோடு நேரத்தைக் கொடுத்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. டாப் லோடு தண்ணீரைக் கொடுத்து நேரத்தை மிச்சம் பிடிக்கிறது. நம் வீட்டில் எதற்குத் தட்டுப்பாடு என்று தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். மீதியைக் குழாய்த் தண்ணீரும் வீட்டில் துவைக்கிறவரின் உடம்பும் சொல்லும்.

அழுக்கு போவதற்கு நான்கு வழி

ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1959இல் ஒரு விளக்கம் தந்தார். எந்தப் பொருளைச் சுத்தம் செய்தாலும் அங்கே நான்கு காரணிகள் வேலை செய்கின்றன: சோப்பு போன்ற வேதிப்பொருள், அடித்தல் தேய்த்தல் போன்ற விசை, வெப்பம், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியாக வேண்டும். சலவைத் துறையில் இன்றும் இதைச் 'சின்னர் வட்டம்' என்று கற்பிக்கிறார்கள். இரண்டு மெஷின்களையும் ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

நம் ஊரில் அதிகம் விற்கும் டாப் லோடில் தொட்டி செங்குத்தாக நிற்கிறது. துணி முழுக்க மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிரம்பும். அடியிலுள்ள தட்டு, அதாவது பல்சேட்டர், இரு பக்கமும் சுழன்று நீரைச் சுழிக்க வைக்கும். அந்தச் சுழிப்பும் துணியோடு துணி உரசுவதும் அழுக்கை எடுக்கின்றன. விசை அதிகம் என்பதால் வேலை சீக்கிரம் முடிகிறது. முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் போதும்.

ஃப்ரன்ட் லோடில் டிரம் படுக்கைவசமாகச் சுழல்கிறது. தண்ணீர் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். டிரம்மின் உட்புறத்தில் இருக்கும் முகடுகள் துணியை மேலே தூக்கிப்போய் விழவிடும். அந்த விழுகைதான் அங்கே அடி. துவைக்கிற கல்லில் துணியை ஓங்கி அடிப்பதன் மெதுவான வடிவம் அது. ஒவ்வொரு அடியும் மென்மையானது என்பதால் பல ஆயிரம் அடிகள் தேவை. அதனால்தான் காட்டன் புரோகிராம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. குறையும் விசைக்கு ஈடாக நேரமும், உள்ளிருக்கும் ஹீட்டரின் வெப்பமும் சேர்கின்றன.

டாப் லோடுக்கான பவுடரை ஃப்ரன்ட் லோடில் போடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். நுரை மெத்தைபோல் நிறைந்துவிட்டால் துணி விழாது, மிதக்கும். அடி இல்லையென்றால் சலவையும் இல்லை. நுரை குறைந்த, 'ஃப்ரன்ட் லோடு' என்று அச்சிட்ட பவுடரையோ லிக்விடையோதான் வாங்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

ஏழு கிலோ கொள்ளளவுள்ள ஃப்ரன்ட் லோடு ஒரு முழுச் சலவைக்குச் சுமார் 50 முதல் 60 லிட்டர் எடுக்கும். அதே அளவு டாப் லோடு மாடலைப் பொறுத்து 100 லிட்டரைத் தாண்டும். 120, 130 என்றும் போகும். வித்தியாசத்தை 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு நான்கு முறை துவைக்கும் வீட்டில் அது வருடத்துக்கு 12,480 லிட்டர். ஒரு வீட்டுக்கு ஒரு பெரிய தண்ணீர் லாரி. நாற்பது வீடுகள் உள்ள அடுக்ககம் என்றால் நாற்பது லாரி.

சென்னையில் 2019 கோடையை வாழ்ந்து கடந்தவர்களுக்கு இந்த எண் வெறும் எண் அல்ல. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு அது. லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளுக்கு ஃப்ரன்ட் லோடின் கூடுதல் விலையில் ஒரு பகுதி தண்ணீர்ச் செலவிலேயே திரும்பி வரும். கிணறும் ஆற்றுக் குடிநீரும் தாராளமாகக் கிடைக்கும் ஊர்களில் இந்த வாதத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது.

ஆனால் தண்ணீர் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். ஃப்ரன்ட் லோடு இரண்டு மணி நேரத்தில் பல தவணைகளாகத் தண்ணீர் எடுக்கும். அலசும் கட்டத்தில் தொட்டி காலியாகிவிட்டால் சோப்போடு துணி உள்ளே மாட்டிக்கொள்ளும், கதவும் திறக்காது. டாப் லோடில் மூடியைத் திறந்து இரண்டு வாளி ஊற்றி வேலையை முடித்துவிடலாம்.

அழுத்தமும் உப்பும்

விற்பனையாளர் கேட்காத, ஆனால் வாங்குபவர் கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம் தண்ணீரின் அழுத்தம். பல ஃப்ரன்ட் லோடு மாடல்கள் குறைந்தது 0.3 பார் கேட்கின்றன, சில 0.5 பார். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் ஒரு பார் அழுத்தம் தரும். அப்படியானால் தொட்டியின் அடிமட்டத்துக்கும் மெஷின் குழாய்க்கும் இடையே மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரம் வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடி வீட்டில் அது பல நேரம் இருக்காது. தண்ணீர் வரவில்லை என்று மெஷின் பாதியில் நின்றுவிடும். சின்ன பூஸ்டர் பம்பு வைத்துச் சரிசெய்யலாம். அதன் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்த அழுத்தத்திலும் நிரம்பும் டாப் லோடு மாடல்கள் உண்டு.

அடுத்தது உப்பு. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500. போர் தண்ணீர் பல இடங்களில் இதன் மேல் எல்லையை நெருங்குகிறது அல்லது தாண்டுகிறது. அந்தத் தண்ணீரைச் சூடாக்கும்போது கால்சியம் கார்பனேட் ஹீட்டரின் மேல் வெள்ளைக் கட்டியாகப் படியும். எவ்வளவு சூடோ அவ்வளவு படிவு. ஆக, எந்த ஹீட்டருக்காகக் கூடுதல் விலை கொடுத்தோமோ அதையே உப்பு முதலில் தாக்குகிறது. டிரம்மைப் பின்னாலிருந்து தாங்கும் அலுமினிய உலோகக்கலவைத் தாங்கியும் உப்பாலும் சோப்பாலும் மெல்ல அரிக்கப்படும்.

டாப் லோடு உப்பிலிருந்து தப்பிவிடுவதில்லை. அதன் உள் தொட்டிக்கும் வெளித் தொட்டிக்கும் இடையே சோப்பும் உப்பும் கலந்த பிசுக்கு படியும். ஆனால் ஹீட்டர் இல்லாத மாடலில் எரிந்துபோக ஒன்றுமில்லை. எந்த மெஷினானாலும் மாதம் ஒரு முறை டீஸ்கேலிங் பவுடர் போட்டுக் காலியாக ஓட்டுவது ஆயுளைக் கூட்டும். குழாயில் பொருத்த விற்கும் சின்ன பாலிபாஸ்பேட் வடிகட்டி உப்பைக் கட்டியாகப் படியவிடாமல் தடுக்கும், உப்பை நீக்காது. டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண் மொத்த உப்பின் அளவே தவிர கடினத்தன்மை ஆகாது. அதற்குத் தனிப் பரிசோதனை செய்ய வேண்டும்.

வெந்நீரின் உண்மை விலை

ஃப்ரன்ட் லோடு கரண்டைத் தின்னும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஹீட்டர் 2,000 வாட் அளவு என்பதால் பவர் பிளக் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது சூடாக்குவது அடியில் நிற்கும் கொஞ்சத் தண்ணீரை மட்டுமே. பதினைந்து லிட்டர் என்று கொள்வோம். நம் குழாயில் வரும்போதே அது 30 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. 40 டிகிரிக்கு ஏற்ற யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு போதும். 60 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட். துணியும் டிரம்மும் சூடாவதற்கு இன்னும் சிறிது. 15 டிகிரித் தண்ணீர் வரும் குளிர்நாட்டில் இதே 40 டிகிரிக்கு நம்மைப்போல் இரண்டரை மடங்கு செலவாகும். வாரத்துக்கு நான்கு முறை 40 டிகிரியில் துவைத்தால் நம் இரண்டு மாத பில்லில் சூடாக்கும் கணக்கு பத்து யூனிட்டைத் தொடுவதே அரிது.

அந்த வெப்பத்தால் பயனும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு, வியர்வை ஏறிய காலர், குழந்தையின் துணி, நோயாளியின் படுக்கை விரிப்பு ஆகியவற்றில் வெந்நீரின் வேலை கண்ணுக்குத் தெரியும். தூசி ஒவ்வாமையால் தும்மலும் இளைப்பும் உள்ள வீட்டில் விரிப்புகளை 60 டிகிரியில் துவைப்பது தூசிப் பூச்சிகளைக் கொல்லும். ரத்தக் கறையும் பால் கறையும் இதற்கு விலக்கு. அவற்றைச் சூடாக்கினால் கறை நூலிலேயே இறுகிவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும்.

துணிக்கு எது நல்லது

பல்சேட்டர் சுழலும்போது சேலையும் துப்பட்டாவும் வேட்டியும் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகிவிடும். பிரித்தெடுப்பது ஒரு வேலை. நூல் இழுபட்டு நைந்துபோவது இழப்பு. நீளத் துணி அதிகம் உடுத்தும் வீட்டுக்கு ஃப்ரன்ட் லோடின் மென்மை பெரிய உதவி. பட்டுச் சேலையை இரண்டிலுமே போட வேண்டாம்.

பிழிவதிலும் வித்தியாசம் உண்டு. டாப் லோடு நிமிடத்துக்குச் சுமார் 700 சுற்று சுற்றும்; ஃப்ரன்ட் லோடு 1,000 முதல் 1,400 வரை. ஒரே அளவு டிரம்மில் வேகம் இரட்டித்தால் நீரை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். சித்திரை வெயிலில் யாருக்கும் இது பெரிதாகத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், பால்கனிக் கொடியை மட்டும் நம்பியிருக்கும் அடுக்கக வீட்டில் நன்றாகத் தெரியும்.

அலசுவதில் டாப் லோடுக்கு அதிகத் தண்ணீர் என்ற அனுகூலம் இருக்கிறது. ஒவ்வாமைத் தோல் உள்ளவர்கள் ஃப்ரன்ட் லோடில் கூடுதலாக ஒரு அலசலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கான தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

துவைக்கிறவரின் உடம்பு

வாங்கும் முடிவை ஒருவர் எடுக்கிறார், தினமும் துவைப்பவர் இன்னொருவர். பெரும்பாலான வீடுகளில் அவர் அம்மாவோ மனைவியோ வேலைக்கு வரும் அக்காவோ. அவரைக் கேட்காமல் வாங்கும் மெஷின் நல்ல மெஷின் ஆகாது. ஃப்ரன்ட் லோடில் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும். முழங்கால் வலியோ முதுகு வலியோ உள்ளவருக்கு அது தண்டனை. உயரமான உறுதியான ஸ்டாண்டு கொஞ்சம் உதவும். டாப் லோடில் நின்றபடியே போடலாம். ஆனால் பெரிய கொள்ளளவுள்ள ஆழமான தொட்டியில், உயரம் குறைந்தவர் அடியில் கிடக்கும் துணியை எடுக்க எம்ப வேண்டியிருக்கும். கடையிலேயே அவரைக் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாதியில் ஞாபகம் வந்த பள்ளிச் சீருடையை உள்ளே போடும் வசதி டாப் லோடில் எப்போதும் உண்டு. ஃப்ரன்ட் லோடில் சில மாடல்களில், சில நிமிடம் வரைதான்.

பராமரிப்பும் பழுதும்

ஃப்ரன்ட் லோடு புதுமை என்று நினைக்கிறவர்கள் உண்டு. பென்டிக்ஸ் நிறுவனம் 1937இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய வீட்டுத் தானியங்கி மெஷினே ஃப்ரன்ட் லோடுதான். அதிர்வில் நகராமலிருக்க அதைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினார்கள். இன்று அந்த வேலையை உள்ளே வைக்கும் கான்கிரீட் எடைக் கட்டைகள் செய்கின்றன. அதனால்தான் அது 60, 70 கிலோ கனக்கிறது. தரை சமமாக இல்லாவிட்டால் அதிரும். புது மெஷினின் பின்னாலுள்ள பயண போல்ட்டுகளைக் கழற்றாமல் ஓட்டினால் கெட்டே போகும்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பில் தண்ணீர் தேங்கிப் பூசணம் பிடிக்கும். துவைத்து முடித்ததும் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வைக்கும் பழக்கம் இல்லாத வீட்டில் ஃப்ரன்ட் லோடு நாறும். பல மாடல்களில் வெளித் தொட்டி ஒட்டி மூடப்பட்டிருப்பதால் பேரிங் போனால் தொட்டியையே மாற்றச் சொல்வார்கள். மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி என்ற ஒட்டுத்தாளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். செலவு வைப்பவை சர்க்யூட் போர்டு, வடிகால் பம்பு, ரப்பர், பேரிங். அவற்றுக்கு எத்தனை வருடம் என்று கேளுங்கள். டாப் லோடின் பழுதுகளை உள்ளூர் மெக்கானிக்கே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார், செலவும் குறைவு. எலி இரண்டுக்கும் பொது எதிரி. அடிப்பக்கம் வலை இருக்கிறதா என்று பாருங்கள்.

யாருக்கு எது

லாரித் தண்ணீர் வாங்கும் வீடு, சின்னக் குழந்தையோ ஒவ்வாமையோ உள்ள வீடு, மழைக்காலத்தில் உலர்த்த இடமில்லாத வீடு, சேலையும் வேட்டியும் அதிகமுள்ள வீடு: இவற்றுக்கு ஃப்ரன்ட் லோடு. தண்ணீர் மிதமான உப்போடும் போதிய அழுத்தத்தோடும் வர வேண்டும் என்பது நிபந்தனை.

கடும் உப்புத் தண்ணீர், தொட்டிக்கு நேர் கீழே கடைசி மாடி, காலையில் ஒரு மணி நேரத்துக்குள் துவைத்து உலர்த்திவிட்டு வேலைக்கு ஓடும் அவசரம், குனிய முடியாத முதியவர், அடிக்கடி வீடு மாறும் வாடகை வாழ்க்கை: இவற்றுக்கு டாப் லோடு. இது விட்டுக்கொடுத்து வாங்குவது ஆகாது, சரியான தேர்வுதான்.

இரண்டு பட்டியலிலும் உங்கள் வீடு பாதிப் பாதி வந்தால் தண்ணீரின் தரத்தை வைத்து முடிவெடுங்கள். நேரத்தையும் பழக்கத்தையும் நாம் மாற்றிக்கொள்ளலாம். நிலத்தடி உப்பை மாற்ற முடியாது. எல்லாம் பொருந்தி, விலை மட்டும் தடுத்தால் சில மாதம் பொறுத்தாவது ஃப்ரன்ட் லோடை வாங்குங்கள் என்றே சொல்வேன். வருடத்துக்கு ஒரு லாரித் தண்ணீர் உங்கள் ஒரு வீட்டின் மிச்சம் மட்டுமல்ல. அடுத்த கோடையில் ஊர் முழுக்கப் பங்கிட்டுக்கொள்ளப்போகும் நீரில் நீங்கள் விட்டுவைக்கும் பங்கு அது.