செதுக்குப் படங்களும் மறைந்த கைகளும்: ஒல்லாந்தர் கால இலங்கைப் பறவை ஓவியங்கள் பற்றிய ஒரு குறிப்பு

ஐரோப்பியரின் பழைய பயண நூல்களிலும் இயற்கை வரலாற்று நூல்களிலும் காணப்படும் செதுக்குப் படங்கள் இன்று பெரும்பாலும் அலங்காரப் பொருள்களாகவே சேகரிக்கப்படுகின்றன. எனினும், அவற்றை உருவாக்கிய உழைப்பு யாருடையது என்னும் வினா வரலாற்று மாணவர் புறக்கணிக்கத்தக்கதன்று.

1660 இல் கொட்டியாரத்திற் சிறைப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸின் நூல் 1681 இல் இலண்டனில் வெளிவந்தது. தாளிப்பனை ஓலையைத் தலைக்கு மேலே பிடித்துச் செல்லும் மனிதனின் உருவம் அதிலுள்ள படங்களுள் ஒன்றாகும். திரும்பிச் சென்ற கைதியின் நினைவும் சொற்களுமே இத்தகைய படங்களுக்கு ஆதாரமாயின.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தத் தேசாதிபதியாக விளங்கிய யோவான் கிடியோன் லோட்டன், இலங்கையிற் பிறந்த கலப்பு வமிசத்தவரான பீற்றர் கொர்னெலிஸ் டி பெவெரே என்பவரைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வண்ண ஓவியங்களாகத் தீட்டுவித்தார். டி பெவெரே கம்பனியின் நில அளவைப் பணியிற் பயின்றவர். நிலத்தை அளந்து வரி விதித்த ஆட்சிக்குத் தேவைப்பட்ட அதே கைத்திறனே பறவையின் இறகையும் அலகையும் பதிவு செய்தது.

லோட்டனுடன் இங்கிலாந்து சென்ற இவ்வோவியங்கள் தோமஸ் பென்னன்ற்றின் கவனத்தை ஈர்த்தன. பென்னன்ற், யோசப் பாங்ஸ், லோட்டன் ஆகிய மூவரும் செப்புத் தகடுகளுக்கான செலவைப் பகிர்ந்துகொண்டனர். பீற்றர் மசெல் செதுக்கிய 12 படங்களுடன் பென்னன்ற்றின் 'இந்திய விலங்கியல்' 1769 இல் வெளியாயிற்று. செம்முகப் பூங்குயில், தையற்சிட்டு, சிற்றாந்தை முதலியன அந்நூலின் வாயிலாகவே அறிவியலுலகிற் பெயர் பெற்றன.

அப்பெயர்களை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அவற்றின் பின்னே ஆசிரியராகப் பென்னன்ற் நிற்கிறார். தேன்சிட்டு இனமொன்று லோட்டனின் பெயரைத் தாங்குகிறது. ஓவியரின் பெயரோ இவற்றுள் எதிலும் இல்லை. ஆயினும் சிற்றாந்தையின் அறிவியற் பெயராக இன்றும் வழங்கும் 'ஓட்டஸ் பக்கமூனா' என்பதில், ஆந்தையைக் குறிக்கும் சிங்களச் சொல் நிலைத்துள்ளது. பறவையைக் காட்டி, அதன் பெயரையும் சொல்லிக் கொடுத்த இந்நாட்டவர் எவரோ இருந்தனர் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே, இச்செதுக்குப் படங்களை ஐரோப்பிய அறிவின் சாதனையாக மட்டும் கொள்வது பொருந்தாது. கண்டவர், வரைந்தவர், செதுக்கியவர், செலவிட்டவர் ஆகியோரின் கூட்டு விளைவே அவை. செலவிட்டவரின் பெயர் நிலைத்து, பறவையைக் கண்டறிந்தவரின் பெயர் மறைந்தமை தற்செயலன்று. காலனித்துவ உறவின் நேர்விளைவாகும்.