பிடிஎஃப்-இல் இருக்கும் தமிழ், வேர்டுக்குப் போனதும் ஏன் சிதைகிறது?

கோலா தெர்லா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியின் பழைய ஆண்டு மலர், பிடிஎஃப் கோப்பாக உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா எழுதிய கட்டுரையை காப்பி செய்து வேர்டில் ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒன்று வருகிறது. உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை.

அடோபி நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த பிடிஎஃப், ஒரு பக்கம் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரிவதற்காகவே உருவானது. எந்த வடிவத்தை எங்கே வரைவது என்பதுதான் அதற்கு முக்கியம். அது என்ன எழுத்து என்ற தகவல் உள்ளே இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

தமிழில் கூடுதலாக ஒரு சிக்கல். யூனிகோட் பரவுவதற்கு முன்பு எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டில் இருந்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்ற தரங்களை முன்வைத்தும் எல்லாரும் ஒரே வழிக்கு வந்துவிடவில்லை. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு போனால் தமிழும் போச்சு!

யூனிகோட் கோப்பும் சில நேரம் காலை வாரும். ‘கொழுந்து’ என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், யூனிகோடில் ‘க’தான் முதலில் வரவேண்டும். பக்கத்தில் வரைந்த வரிசையிலேயே எடுத்தால் கொம்பு தனியாகக் கழன்று நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஒரு வரியைத் தேர்வு செய்து பாருங்கள். தமிழ் ஒழுங்காக வந்தால், வேர்டு 2013 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பிலேயே கோப்பைத் திறந்துவிடலாம். குப்பையாக வந்தால், கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் எழுத்துருவின் பெயரைப் பார்த்து, அதற்கான யூனிகோட் மாற்றியில் போடுங்கள். வரியைத் தேர்வு செய்யவே முடியாவிட்டால் அது வெறும் படம். எழுத்துணரி, அதாவது ஓசிஆர், தேவை. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தாலே போதும். இலவசமாகக் கிடைக்கும் டெசராக்டும் தமிழ் படிக்கும். ஸ்கேன் 300 டிபிஐ இருந்தால் நல்லது.

பழைய அச்சில்தான் உண்மையான வேலை. தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்பு ‘லை’, ‘னை’ போன்றவை தும்பிக்கை வைத்த வடிவில் இருந்தன. புதிய எழுத்துக்குப் பழகிய ஓசிஆர் அங்கே தடுமாறும். துணைக்காலையும் ‘ர’வையும் குழப்பும். வாக்கியத்தில் வரும் பிழையை நாமே ஊகித்துத் திருத்திவிடலாம். ஆள் பெயரில் அது முடியாது. ‘ராமன்’ ‘ரமான்’ ஆகிவிட்டால், பிறகு தேடுகிற பேரனுக்கு அவர் கிடைக்கவே மாட்டார். அதனால் பெயர்ப் பட்டியலை மட்டுமாவது மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வீட்டில் பழைய எழுத்து படித்த பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அடையாள அட்டை எண் உள்ள தோட்டப் பதிவேடு என்றால், இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு இலவச மாற்றித் தளத்தில் ஏற்றாதீர்கள். டெசராக்ட் உங்கள் கணினியிலேயே, இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.