ஏப்ரலுக்கு வந்து சேர்ந்த பள்ளியாண்டு: ஜப்பானிய மேல்நிலைப் பள்ளி நாட்காட்டியின் வரலாறு

ஜப்பானில் மேல்நிலைப் பள்ளிகள் ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டித் திறக்கின்றன. டோக்கியோவில் செர்ரி பூக்கும் காலமும் ஏறக்குறைய அதுவே என்பதால், பூவை வைத்தே பள்ளியாண்டு அமைந்தது என்று நம்புகிறவர்கள் உண்டு. ஒகினாவாவில் செர்ரி ஜனவரியிலேயே பூத்துவிடுகிறது. ஹொக்கைடோவில் மே மாதம் ஆகிவிடும். பள்ளிகளோ இரண்டு இடத்திலும் ஏப்ரலில்தான் திறக்கின்றன. இந்த நாட்காட்டியை வகுத்ததில் கருவூலத்துக்கும் ராணுவத்துக்கும் பெரும்பங்கு உண்டு. நாட்டின் தலைசிறந்த கல்வி நிலையங்கள்தாம் அதற்குக் கடைசியாக இணங்கின.

எடோ காலத்துத் தெராகோயாக்கள் நம் திண்ணைப் பள்ளிகளைப் போன்றவை. பிள்ளையை எந்த நாளிலும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். 1872ஆம் ஆண்டுக் கல்வி ஆணைக்குப் பிறகு வகுப்பு, தேர்வு, தேர்ச்சி என்ற முறை வந்தது. மேலை நாட்டு ஆசிரியர்களையும் பாடத்திட்டத்தையும் நம்பி வளர்ந்த உயர்கல்வி நிலையங்கள் அவர்கள் வழக்கப்படியே செப்டம்பரில் ஆண்டைத் தொடங்கின.

திருப்பம் 1886இல் வந்தது. அதுவரை ஜூலையில் தொடங்கிய அரசின் நிதியாண்டு அந்த ஆண்டு முதல் ஏப்ரலுக்கு மாறியது. ராணுவச் செலவால் விழுந்த பற்றாக்குறையை அடைக்க, நிதிப் பொறுப்பிலிருந்த மட்சுகாடா மசயோஷி அடுத்த ஆண்டின் மதுவரி வருவாயை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொண்டார் என்றும், அதைச் சரிக்கட்டவே நிதியாண்டு மாற்றப்பட்டது என்றும் பொதுவாக விளக்கம் தரப்படுகிறது. 1885ஆம் நிதியாண்டு ஒன்பதே மாதங்களில் முடிந்தது. அதே 1886இல், கட்டாய ராணுவச் சேவைக்கு இளைஞர்கள் பெயர் கொடுக்க வேண்டிய நாளும் செப்டம்பர் 1இலிருந்து ஏப்ரல் 1க்கு முன்நகர்ந்தது. செப்டம்பர் வரை காத்திருந்தால் திடகாத்திரமான இளைஞர்களை ராணுவம் கொண்டுபோய்விடும் என்ற கவலை ஆசிரியர் பயிற்சி நிலையங்களுக்கு வந்தது. டோக்கியோவின் உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி உடனே ஏப்ரலுக்கு மாறியது. மாகாணப் பயிற்சிப் பள்ளிகளும் பின்தொடர்ந்தன. அங்கிருந்து அது தொடக்கப் பள்ளிகளுக்கு இறங்கி, 1900ஆம் ஆண்டு ஆணையில் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்று நிலைபெற்றது.

மேலே இருந்தவர்கள் அசையவில்லை. பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பை ஒத்த அன்றைய உயர்பள்ளிகளும் ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகங்களும் செப்டம்பரை விடவில்லை. நட்சுமே சோசெகியின் ‘சன்ஷிரோ’ நாவலின் நாயகன் குமமோட்டோவிலிருந்து கோடை முடிவில் டோக்கியோ வந்து சேருவது இதனால்தான். நடுநிலைப் பள்ளியை மார்ச்சில் முடித்தவன் ஜூலை வெயிலில் நுழைவுத் தேர்வு எழுதி, செப்டம்பர் வரை வீட்டில் இருக்க வேண்டும். உயர்பள்ளிகள் 1919இலும், ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகங்கள் 1921இலும் ஏப்ரலுக்கு வந்தபோதுதான் இந்த இடைவெளி அடைபட்டது. ஆக, முழு மாற்றத்துக்கு 35 ஆண்டுகள் பிடித்தன.

விடுமுறையின் தன்மையும் இதனால் மாறிப்போனது என்பதே என் கணிப்பு. செப்டம்பர் முறையில் கோடை விடுமுறை இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே விழும். பாடம் முடிந்துவிட்டது, கவலையில்லை. ஏப்ரல் முறையில் ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் வரையிலான நீண்ட விடுமுறை ஆண்டின் வயிற்றிலேயே வந்து விழுகிறது. அதனால் கட்டுக்கட்டாக வீட்டுப்பாடம். அணிப் பயிற்சிகளும் விடுவதில்லை. வகுப்பு மாறும் வசந்த விடுமுறையோ இரண்டு வாரம் தேறினால் அதிகம். பல்கலைக்கழக நுழைவுக்கான பொதுத் தேர்வு ஜனவரி நடுவில், பனிப்பொழிவும் காய்ச்சலும் உச்சத்தில் இருக்கும்போது வருகிறது. ஜூலை வெயில் போய் ஜனவரிப் பனி வந்தது, அவ்வளவுதான். ஹொக்கைடோ போன்ற குளிர்ப் பகுதிகளில் பள்ளிகள் குளிரை முன்னிட்டுக் கோடை விடுமுறையைக் குறைத்துக் குளிர்கால விடுமுறையை நீட்டிக்கொண்டன.

போருக்குப் பிறகு, 1947ஆம் ஆண்டுப் பள்ளிக் கல்விச் சட்டத்தின்படி மூன்றாண்டு மேல்நிலைப் பள்ளிகள் 1948 ஏப்ரலில் தொடங்கின. வயதுக் கணக்கிலும் ஏப்ரல் உட்கார்ந்துகொண்டது. ஒருவருக்கு வயது ஏறுவது பிறந்த நாளுக்கு முந்தைய நாள் முடிவில் என்று சட்டம் கொள்வதால், ஏப்ரல் 1இல் பிறந்த குழந்தை முந்தைய ஆண்டுப் பிள்ளைகளோடு சேரும். வகுப்பிலேயே இளையது அதுதான். மறுநாள் பிறந்தது அடுத்த வகுப்பின் மூத்த பிள்ளை.

எல்லாருக்கும் ஒரே நாட்காட்டிதான். ஆனால் அதைப் பயன்படுத்தும் விதத்தில் பள்ளிகள் வேறுபட்டன. டோக்கியோவின் ஹிபியா அரசுப் பள்ளி 1964இல் 193 பேரை டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. 1967இல் டோக்கியோ பெருநகர அரசு, மாணவர் விரும்பிய பள்ளியைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி பள்ளிகளைத் தொகுதிகளாக்கியது. ஹிபியா சரிந்தது. கோபேயின் நாடா, டோக்கியோவின் கைசெய் போன்ற தனியார் பள்ளிகள் எழுந்தன. நடுநிலையையும் மேல்நிலையையும் ஆறாண்டாக இணைத்து நடத்தும் இவற்றில் ஐந்தாம் ஆண்டோடு பாடங்களைப் பெரும்பாலும் முடித்து, கடைசி ஆண்டைத் தேர்வுப் பயிற்சிக்கு ஒதுக்குவது வழக்கம். நாடாவை 1927இல் நிறுவியவர்கள் சாகே மது வடிக்கும் குடும்பத்தார். மதுவரி நகர்த்திய நாட்காட்டியில் மது வணிகர்களின் பள்ளி முதலிடம் பிடித்தது தற்செயல்தான் என்றாலும் வேடிக்கையானது.

செப்டம்பருக்குத் திரும்பும் பேச்சு 1987இல் அரசின் கல்விச் சீர்திருத்தக் குழுவிடமிருந்தும், 2011 வாக்கில் டோக்கியோ பல்கலைக்கழகத்திடமிருந்தும் எழுந்து அடங்கியது. 2020இல் கொரோனா தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது சில ஆளுநர்களே அதை ஆதரித்தனர். ஒரே தடவையில் மாற்றினால் முதல் வகுப்பில் 17 மாத காலத்தில் பிறந்த பிள்ளைகள் ஒன்றாகச் சேர வேண்டியிருக்கும். வகுப்பறையும் ஆசிரியரும் போதா. நிதியாண்டு, வேலைக்கு ஆள் எடுக்கும் காலம் எல்லாமே ஏப்ரலில் கோத்துக் கிடந்தன. சில வாரங்களிலேயே ஆளும் கட்சிகள் பின்வாங்கின. அரசும் அந்த ஆண்டு மாற்றத்தைக் கைவிட்டது.