தமிழன் (வார இதழ்)

தமிழன், சென்னை இராயப்பேட்டையிலிருந்து க. அயோத்திதாசப் பண்டிதரை (1845–1914) ஆசிரியராகக் கொண்டு 1907 முதல் வெளிவந்த வார இதழ். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்கள் அரசியல், வரலாறு, சமயம், மருத்துவம் என நாட்டின் பொதுக் காரியங்கள் அனைத்தையும் குறித்துத் தங்கள் கருத்தைத் தாங்களே அச்சில் எடுத்துரைத்த முன்னோடி ஏடுகளுள் இது தலையானது.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையின் பொதுவாழ்வை மயிலாப்பூர் வழக்கறிஞர்களும் படித்த உயர்சாதியினரும் நடத்திவந்தனர். 1884-இல் தொடங்கிய சென்னை மகாஜன சபையும் தி இந்து, சுதேசமித்திரன் ஆகிய பத்திரிகைகளும் அவர்கள் கையில் இருந்தன. சேரிகளில் வாழ்ந்தவர்களைப் பற்றி அங்கே பிறர் பேசினர். அவர்களே எழுந்து பேச இடம் அரிதாக இருந்தது.

நீலகிரியில் திராவிட மகாஜன சபையை அமைத்த அயோத்திதாசர், 1892-இல் விக்டோரியா மண்டபத்தில் நடந்த சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்குப் பிரதிநிதியாக வந்தார். கோயில் நுழைவு குறித்து அவர் எழுப்பிய கேள்வி எதிர்ப்பைச் சந்தித்தது. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி, நிலமற்றவர்க்குத் தரிசு நிலம் ஆகிய கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. அடுத்த ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் பதவிகள் மேல்சாதியினர் வசமே குவியும் என்று வாதிட்டு, 3,412 பேர் கையொப்பமிட்ட மனுவை அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்.

பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாறை அடுத்த ஊரூரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி திறந்தார். 1898-இல் அவரோடு கொழும்பு சென்ற அயோத்திதாசர் பௌத்தம் தழுவித் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தமிழன் இதழுக்கு இச்சங்கமே வேராக அமைந்தது.

தோற்றம்

முதல் இதழ் 1907 ஜூன் 19, புதன்கிழமை ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற பெயரில் வந்தது. விலை ஒரு பைசா. கூலி வேலை செய்வோரும் வாங்கிப் படிக்கக்கூடிய விலை அது. வாசகர்களின் விருப்பத்துக்கு இணங்க, 1908 ஆகஸ்ட் 26 முதல் பெயர் ‘தமிழன்’ எனச் சுருங்கியது.

உள்ளடக்கம்

தன் சமூகத்தின் குறைகளை முறையிடுவதோடு தமிழன் நின்றுவிடவில்லை. சுதேசி இயக்கம் ஓங்கியிருந்த அக்காலத்தில், தன் நாட்டவரைக் கிணற்றருகே வரவிடாதவர் அந்நியரிடம் உரிமை கேட்பது எவ்வகை நியாயம் என்று அது வினவியது. அரசுப் பதவிகளிலும் கல்வியிலும் எல்லாச் சாதி, மத மக்களுக்கும் பங்கு வேண்டும் என்று வலியுறுத்தியது. பஞ்சம், நிலம், குடிநீர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகியவை குறித்தும் எழுதியது. ஆங்கில ஆட்சியின்மீது அயோத்திதாசர் வைத்த நம்பிக்கை பிற்கால ஆய்வாளரிடையே விவாதத்துக்கு உள்ளாகியிருக்கிறது.

ஒடுக்கப்பட்ட மக்கள் ஒருகாலத்தில் பௌத்தர்களாக இருந்தார்கள், அதனாலேயே தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவரது வரலாற்றுக் கோட்பாடு. ‘இந்திரர் தேச சரித்திரம்’, ‘ஆதிவேதம்’ ஆகியவற்றில் அதை விரித்தெழுதினார். பண்டிகைகள், பழமொழிகள், ஔவையின் நூல்கள், திருக்குறள் ஆகியவற்றுக்குப் பௌத்த நோக்கில் உரை கண்டார். தம் பாட்டனார் கந்தப்பன், ஆங்கில அதிகாரி ஒருவரிடம் பட்லராக இருந்தபோது குறள் சுவடிகளைத் தமிழறிஞரான ஆங்கிலேய அதிகாரி எல்லீசர் கையில் சேரச் செய்தார் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். சித்த மருத்துவராதலால் மருத்துவக் குறிப்புகளும் எழுதினார்.

வாசகர்கள்

கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழ்த் தொழிலாளர் குடியேறிய இடங்களுக்கெல்லாம் இதழ் சென்றது. சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் அதை வரவழைத்துப் பரப்பின. அங்கிருந்து கடிதங்களும் கூட்டச் செய்திகளும் நன்கொடைகளும் இராயப்பேட்டைக்கு வந்தன. சென்னைச் சேரியில் இருந்தவரும் கடல் கடந்து உழைத்தவரும் ஒரே விவாதத்தில் பங்குகொண்டனர்.

பிற்காலம்

அயோத்திதாசர் 1914 மே 5 அன்று காலமானார். அதன்பின் அவருடைய மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தமிழன் மீண்டும் வெளிவந்தது.

இதழில் சிதறிக் கிடந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’, 1999-இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. அதன்பிறகே பல்கலைக்கழகங்களும் சிற்றிதழ்களும் அவரை விரிவாகப் பேசத் தொடங்கின. இந்திய அஞ்சல் துறை 2005-இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அடையாறை ஒட்டிய கிண்டி காந்தி மண்டப வளாகத்தில், இரட்டைமலை சீனிவாசன் நினைவிடம் உள்ள அதே இடத்தில், அயோத்திதாசருக்குத் தமிழ்நாடு அரசு கட்டிய மணிமண்டபம் 2023-இல் திறக்கப்பட்டது.

மதிப்பீடு

பிரதிநிதித்துவம் என்பதை இன்று பெரும்பாலும் இடங்களின் எண்ணிக்கையாகவே பார்க்கிறோம். தமிழன் அதற்கு மேலும் ஒன்றைக் கோரியது: ஒடுக்கப்பட்டவர் தம் துயரத்துக்கு மட்டும் சாட்சி சொல்பவராக அன்றி, நாட்டின் வரலாறும் வரவிருக்கும் ஆட்சியும் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவராகவும் இருக்க வேண்டும். மயிலாப்பூரின் சபைகளையும் திருவல்லிக்கேணியின் ஏடுகளையும் மட்டும் வைத்து எழுதப்படும் சென்னை இதழியல் வரலாறு, இராயப்பேட்டையின் இந்த ஒரு பைசா ஏட்டைச் சேர்த்துக்கொள்ளாதவரை குறையுள்ள வரலாறே.